சுறா எண்ணெய் பூசிய ஜீப்

சனிக்கிழமை காலை ஏழரைக்கு முருங்கனில் இருந்து புறப்பட்டோம். நானும் மனைவி றெஜினாவும்தான். போகும் இடம் மன்னார்த் தீவில், பேசாலைக்குச் சற்று அப்பால், அவளுடைய அண்ணன் செபமாலையின் வீடு. தூரம் நாற்பது கிலோமீற்றர் அளவில்தான் வரும். ஆனால் அதைக் கடக்க எங்களுக்கு எட்டு வருடம் பிடித்தது. அவர்கள் கடற்கரைக் கத்தோலிக்கர், நாங்கள் வயல் செய்யும் சைவக்காரர். யாரையும் கேளாமல் பதிவுத் திருமணம் செய்துகொண்ட நாளிலிருந்து அண்ணன் தங்கையோடு பேசவில்லை. இப்போதுதான், "ஒருநாள் வந்து நிண்டுபோட்டுப் போங்கோ" என்று ஆளிடம் சொல்லி அனுப்பியிருந்தார். இந்த ஒரு நாளில் ஏதும் பிசகினால் இன்னொரு அழைப்பு வராது என்ற பயம் றெஜினாவுக்கு.

என் பயம் ஜீப்பைப் பற்றியது. மாரி வெள்ளத்தில் வயல் பாதையில் ஓடுவதற்காக அதை இரண்டு அங்குலம் உயர்த்தி வைத்திருந்தேன். உயர்த்தினால் முன்சில்லைச் சுழற்றும் அச்சு சரிந்து நிற்கும். அந்த அச்சின் மூட்டை மூடியிருக்கும் றப்பர் உறையைக் கராச்காரர் 'பூட்' என்பார்கள். துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பாக இருக்கும். அச்சு சரிந்தால் மடிப்போடு மடிப்பு உரசிக் கிழியும். கிழிந்தால் கிறீஸ் வெளியே, மணல் உள்ளே, மூட்டுக்குக் கதை முடிந்தது. ஆகவே அச்சுகள் புறப்படும் பெட்டியையும் கொஞ்சம் கீழே இறக்கிப் பூட்டுவித்தேன். உறையைப் பிடிக்கும் பட்டியை நகர்த்தி மடிப்புகளை விரித்துக் கட்டினேன். ஸ்ரியறிங்கை ஒருபோதும் முழுதாக ஒடித்துத் திருப்புவதில்லை. பயணத்துக்கு முன் கீழே படுத்து, ரோச் அடித்து, ஒவ்வோர் உறையாகத் தடவிப் பார்ப்பேன். "என்ரை முகத்தை இப்பிடி ஒருநாளும் பாத்ததில்லை" என்பாள் றெஜினா.

எட்டரை மணிக்குத் தீவுக்குப் போகும் தாம்போதி வீதியில் ஏறினோம். மூன்று கிலோமீற்றருக்கு இரண்டு பக்கமும் ஆழமில்லாத தண்ணீர். தை மாதம். தண்ணீரின் மேல் இளஞ்சிவப்பாக ஒரு கோடு தெரிந்தது. ஜீப்பை நிறுத்தினேன். பூநாரைகள், எண்ணி முடியாத கூட்டம். அவை ஒன்றாக எழும்பியபோது செட்டைக்குள் ஒளித்து வைத்திருந்த சிவப்பெல்லாம் வானத்தில் விரிந்தது. இவ்வளவு கிட்ட இருந்துகொண்டு நெல் விலையும் மழையும் பேசியே காலத்தைப் போக்கியிருக்கிறேன். பின்னால் வந்த பஸ் ஹோன் அடித்த பிறகுதான் ஜீப்பை எடுத்தேன்.

செபமாலைக்கு ஐம்பது வயது இருக்கும். அகன்ற தோள், குறைந்த பேச்சு. தங்கையை "வா பிள்ளை" என்றார். எனக்குத் தலையை மட்டும் ஆட்டினார். மத்தியானம் விளைமீன் குழம்பு. நான் பக்கத்தில் இருக்க, "அவருக்கு இன்னும் கொஞ்சம் சோறு போடு" என்று தங்கையிடம் சொன்னார். நானும் "போதுமாம் எண்டு சொல்லு" என்றேன். எங்கள் பேச்சுவார்த்தை அந்த அளவில்தான் இருந்தது.

பின்னேரம் மூவரும் தலைமன்னாருக்குப் போனோம். வீதியை மறித்து நின்ற கழுதைகளை மெல்ல விலக்கி, பழைய இறங்குதுறை தாண்டி, மணலில் இறங்கினேன். அங்கே தரை முடிகிறது என்று சொல்ல முடியவில்லை. கடலுக்குள் ஒரு மணல் திட்டு, அதற்கு அப்பால் இன்னொன்று, அதற்கும் அப்பால் வெள்ளையாக ஒரு கீறு. இடையில் பச்சைத் தண்ணீர், அதன் அடிமணல்கூடத் தெரிந்தது. யாரோ மண்ணை அள்ளி இந்தியா வரைக்கும் தூவிக்கொண்டு போனதுபோல் கிடந்தது. கும்பிட வேண்டும்போல் இருந்தது, கும்பிட்டேன். செபமாலை என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு ஜீப்பின் அடியைக் குனிந்து பார்த்து, காற்றிடம் சொல்வதுபோல, "உப்புக் காத்து. இரும்பைத் திண்டுபோடும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, ஜீப் வீட்டின் பின்பக்கம் நிற்க, தேவாலயத்தில் ஏழு மணிப் பூசைக்கு மூவரும் நடந்தே போனோம். நான் கோயிலின் பின்வரிசையில் நின்றேன். முடிந்ததும் நானும் றெஜினாவும் முதலில் வீடு திரும்பினோம். ஜீப்புக்குக் கீழே நாலைந்து நாய்கள். மீன் நாற்றம் மூக்கைத் துளைத்தது. நாய்களைக் கலைத்துவிட்டுக் குனிந்து பார்த்தேன். அடிப்பாகம் முழுக்க எண்ணெய். நான் கண்ணும் கருத்துமாகக் காத்த உறைகளிலும் வழிந்தது. வலப்பக்க உறையை நாய் கடித்துக் கிழித்திருந்தது.

"ஆர் இந்த வேலை பாத்தது?" என்று கத்தினேன். எனக்கு வந்த கோபத்துக்கு அப்போதே புறப்பட்டிருப்பேன்.

றெஜினா எண்ணெயைத் தொட்டு மணந்து பார்த்தாள். அப்படியே மணலில் இருந்துவிட்டாள்.

"சுறா எண்ணெய். மரம் உப்புக் குடிக்காமல் இருக்க வள்ளத்துக்கு அடிக்கிறது. அண்ணை விடிய எழும்பி அடிச்சிருக்கிறார்."

"இது வள்ளமே?"

"கத்தாதேங்கோ. மற்ற ஆக்களின்ரை வள்ளத்திலை அண்ணை கை வைக்கமாட்டார். தன்ரை வீட்டு வள்ளத்துக்கு மட்டுந்தான் அடிப்பார்."

எங்கள் எட்டு வருடத்துக்கும் அவர் சொல்லும் பதிலை விடியற்காலை இருட்டில் தூரிகையோடு படுத்துக் கிடந்து எழுதியிருக்கிறார். முந்தைய நாள் கண்ட கடலைவிட அது எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

செபமாலை வந்து கிழிசலைக் கண்டார். முகம் கறுத்துப் போயிற்று. உள்ளே போய்ப் பழைய சைக்கிள் ரியூப்பும் வலை நூலும் கொண்டுவந்தார். நான் ஜீப்பில் இருந்த கிறீஸை எடுத்தேன். இருவரும் கீழே படுத்தோம். நான் மூட்டைத் துடைத்து, புதுக் கிறீஸ் அடைத்து, ரியூப்பை வெட்டிச் சுற்றிப் பிடித்தேன். அவர் வலை முடிச்சுப் போட்டு இறுக்கினார். மெல்ல ஓடினால் முருங்கன் வரைக்கும் தாங்கும்.

எழும்பியதும் அவருக்கு உண்மையைச் சொல்வதா விடுவதா என்று யோசித்தேன். றெஜினா வேண்டாம் என்று கண்ணைக் காட்டினாள். சொல்லாமல் போனால் வெறும் விருந்தாளியாகத்தான் போவேன் என்று எனக்குப் பட்டது.

"மச்சான், இரும்புக்கு நல்லது. ஆனால் எண்ணெய் றப்பரை ஊதப்பண்ணிக் கெடுத்துப்போடும். நாய் கடியாட்டிலும் கொஞ்ச நாளிலை கிழிஞ்சிருக்கும்."

அவர் கையை இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அப்ப மற்ற றப்பரையும் நீங்கள் மாத்தத்தானே வேணும், மச்சான்" என்றார், முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்து. "கோயில் பெருநாளுக்கு வரேக்கை முதல்லை றப்பரைத் துணியாலை சுத்திக் கட்டிப்போட்டு அடிக்கிறன். வருவியள்தானே?"

நான் வாயைத் திறப்பதற்குள் றெஜினா அழுதுகொண்டே, "வருவம் அண்ணை" என்றாள்.