அண்ணாச்சி மூட மறுத்த வீடியோ

துறைமுகச் சாலையில் ஒரு ஏற்றுமதி ஏஜென்சியின் லினக்ஸ் சர்வரை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். சர்வர் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். ஜெராக்ஸ் மிஷினுக்குப் பின்னால், தண்ணீர் கேனோடு இடத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டு நிற்கும் ஒரு பெட்டி.

ஒரு திங்கட்கிழமை காலை எந்த ஷிப்பிங் பில்லும் சேவ் ஆகவில்லை. டிஸ்க்கில் இடமில்லையாம். அந்தப் பில் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள் என்பதால் கண்டெய்னர் லாரிகள் துறைமுக வாசலில் நின்றன. ஆபீஸில் டைப் அடிக்கும் அக்கா, டிரைவர்கள் போனில் திட்டியதையெல்லாம் கெட்ட வார்த்தைகளை நீக்கி எனக்குச் சொன்னார். மிச்சம் ரொம்பக் கொஞ்சம்தான்.

முதலாளி அண்ணாச்சி அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். ஆபீஸில் எவனோ சினிமா ஏற்றி வைத்திருக்கிறான் என்பது அவர் கட்சி.

"எது பெருசா இருக்கோ அத அழிச்சிரும்வே. யாருதுன்னு பாக்க வேண்டாம், எங்கிட்டயும் கேக்க வேண்டாம்" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

தேடிப் பார்த்தேன். இருப்பதிலேயே பெரிய கோப்பு, திருச்செந்தூரில் நடந்த அண்ணாச்சியின் அறுபதாம் கல்யாண வீடியோ. கேட்காதே என்றவரிடம் போய்க் கேட்பது மரியாதையில்லை. அழித்தேன்.

இடம் வரவில்லை. லினக்ஸில் இது பழைய வம்பு. ஒரு கோப்பை யாராவது திறந்து வைத்திருந்தால், அழித்த பிறகும் அவர் மூடும்வரை அது இடத்தை விடாது. யார் திறந்திருக்கிறார் என்று பார்த்தால், அண்ணாச்சியின் கம்ப்யூட்டர்.

அவர் அறைக்குள் போனேன். காதில் ஹெட்போனோடு, திரையில் தமக்கு மாலை விழுவதை ரசித்துக்கொண்டிருந்தார்.

"அழிச்சாச்சா?"

"அழிச்சாச்சு அண்ணாச்சி. இப்ப பாத்துக்கிட்டு இருக்கியள்லா, அதத்தான்."

திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஓடுதேவே?"

"மூடுனா போயிரும்."

மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டார். லாரி நின்றால் நிற்கட்டும், மூடமாட்டேன் என்றார். கரண்ட் போனால் என்ன ஆகும் என்று கேட்டார். சொன்னேன். இன்வெர்ட்டரைப் பார்க்க அவரே எழுந்து ஓடினார்.

நல்லவேளையாக, திறந்திருக்கும்வரை அந்தக் கோப்பை சர்வருக்குள்ளிருந்தே நகலெடுக்க ஒரு வழி உண்டு. என் பையிலிருந்த ஹார்ட் டிஸ்க்கைச் செருகி நகலெடுக்க விட்டேன். அது முடியும்வரை என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, கல்யாணத்துக்கு யார் யார் வரவில்லை என்பதைத் திரையைக் காட்டியே விளக்கினார்.

நகலைத் திறந்து, அது ஓடுவதைக் கண்ணால் பார்த்த பிறகே பழையதை மூடினார். இடம் வந்தது. பில்கள் சேவ் ஆயின. லாரிகள் நகர்ந்தன.

பெருமை தாங்காமல் வீட்டுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, வீடியோ பிழைத்த கதையைச் சொன்னார். அந்தப் பக்கம் அவர் மனைவி நிதானமாகக் கேட்டார்.

"போனா போட்டும்னு விடவேண்டியதுதான? அதுல எம்மூஞ்சி நல்லாவே இல்ல."

அண்ணாச்சி ஸ்பீக்கரை அணைத்தார். எனக்கு டீ சொல்லவா என்று கேட்டார்.