அப்பா கேட்ட பிளாஸ்மா

நான் படித்த படிப்பை எங்கள் வீட்டில் யாருக்கும் விளங்க வைக்க முடிந்ததில்லை. கருந்துளையைச் சுற்றி வாயு சுழன்றுகொண்டே உள்ளே விழுகிறது. காலமெல்லாம் சுற்றிக்கொண்டிருக்காமல் ஏன் விழுகிறது? அதைப் பார்க்கத்தான் எங்கள் ஆய்வகத்தில் ஒரு எஃகுக் கலத்துக்குள் வாயுவை மின்சாரத்தால் பிளாஸ்மாவாக்கிக் காந்தத்தால் சுழற்றினோம். ஊதா வெளிச்சம் கண் இமைப்பதற்குள் அணைந்துவிடும். சித்தப்பா யாரோ எக்ஸ்போர்ட்காரர் வீட்டில் பிளாஸ்மா டிவி பார்த்துவிட்டு வந்து, "நீ செய்யறது அதுதானா கண்ணு?" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்பாவிடம் மட்டும் கோபம் வராது. திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் ஹைட்ரோ ஓட்டினார்; ஈரத்துணியைச் சுழற்றித் தண்ணீரை வடிக்கிற மிஷின். "நம்ம மிஷின்ல சுத்துனா தண்ணி வெளிய ஓடுது. உன்ரதுல உள்ள போகுதா?" என்று கேட்டுச் சிரிப்பார். "என்ர புள்ள பிளாஸ்மா பண்றா" என்று கம்பெனி வேன் டிரைவர் வரைக்கும் சொல்லி வைத்திருந்தார்.

கல்லீரல் கெட்டு அவர் ஆஸ்பத்திரியில் படுத்தபோது, பிளாஸ்மா ஏற்ற வேண்டும், ஏற்பாடு பண்ணுங்கள் என்றார் டாக்டர். அம்மா பதறிப்போனாள். அப்பா பதறவில்லையாம். "எதுக்குப் பயப்படறே? புள்ள கொண்டாந்துருவா" என்றாராம்.

நான் ரயில் பிடித்து வந்து சேர்ந்தபோது, ரத்த வங்கியில் வாங்கிய மஞ்சள் பை ஏறிக்கொண்டிருந்தது. அப்பா அதைக் கண்ணால் காட்டி, "உன்ரதா கண்ணு?" என்றார்.

"இல்லீங்கப்பா. இது ரத்தத்துல இருந்து எடுக்கறதுங்க. என்னோடது வேற. பேரு மட்டுந்தான் ஒண்ணு."

அவர் முகம் வாடும் என்று பயந்தேன். தெளிந்தது.

"அதானே பாத்தேன். இது ஒடம்புல புடிக்கவே இல்ல. உன்ரது எப்ப வரும்?"

பதிலுக்குக் காத்திருந்தபடியே கண்ணயர்ந்தார். மறுநாள் காலை போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்து ஆய்வகத்துக்குத் திரும்பினேன். அந்த வாரத்தில் ஒரு நாள் பிளாஸ்மா அணையாமல் நின்று சுழன்றது. அதற்காகத்தான் நாங்கள் அத்தனை வருஷம் மல்லுக்கட்டியது. எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கோ, இது கொஞ்சம் முந்தி வந்திருந்தால் அப்பாவுக்குக் கொண்டுபோயிருக்கலாமே என்று தோன்றியது. படித்தவள் நினைக்கிற நினைப்பா அது? ஆனாலும் அதைத்தான் நினைத்தேன். கலத்தின் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு, எல்லோர் முன்னாலும் அழுதேன்.