சாந்தியின் நிறம்

"புள்ள ரொம்பக் கறுத்துட்டா, மிஸ்ஸி. வெயில்லகூடப் போறதில்ல. டாக்டர்கிட்டச் சொல்லி ஏதாச்சும் கிரீம் வாங்கிக் குடுங்களேன்."

கேட்டவர் சாந்தியின் அம்மா மாரியாயி. எண்பதுகளின் பிற்பகுதியில் எங்கள் தீவின் ஜார்ஜ் டவுனில் ஓர் ஆஸ்பத்திரியில், ரத்தம் ஏற்றும் வார்டில் நான் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தேன். நர்ஸ் என்றால் எங்கள் ஊரில் மிஸ்ஸி. சாந்திக்கு வயது பதினெட்டு. தலசீமியா, அதாவது பிறவியிலேயே ரத்தம் சரியாக ஊறாத நோய். மாதம் ஒருமுறை கடலுக்கு அக்கரையில் இருக்கும் பைராம் தோட்டத்திலிருந்து பஸ் பிடித்து, ஃபெர்ரி ஏறி இரண்டு பேரும் வருவார்கள். ரத்தம் ஏறியதும் சாந்திக்கு வாய் திறந்துகொள்ளும். அதற்குப் பிறகு வார்டில் வேறு யாரும் பேச முடியாது.

ரத்தம் ஏற்றினால்தான் அவளுக்கு உயிர். ஆனால் ஒவ்வொரு பாக்கெட் ரத்தத்தோடும் இரும்பும் உள்ளே போகிறது. அதை வெளியே தள்ள உடம்புக்கு வழியில்லை. ஈரலில், இதயத்தில், இன்சுலின் சுரக்கும் கணையத்தில் போய்ப் படியும். தோல் கறுப்பதும் அதனால்தான். இரும்பை எடுக்க வேண்டுமென்றால், வயிற்றில் ஊசி குத்தி, ஒரு சின்ன பம்ப் வழியாக இரவு முழுவதும் மருந்து ஏற்ற வேண்டும். ஒரு சங்கத்தில் கேட்டு பம்பும் மருந்தும் வாங்கிக் கொடுத்திருந்தோம்.

இதையெல்லாம் மாரியாயிக்குப் படம் வரைந்துகூடக் காட்டியிருக்கிறேன். எங்கள் சனத்துக்கு நோய் கண்ணில் படாது, நிறம் மட்டும் உடனே பட்டுவிடும்.

"வெயில் இல்லக்கா, உள்ள இரும்பு ஏறிக் கெடக்கு. பம்ப் போடுறாளா இல்லியா?"

"அப்பப்பப் போடுறா."

சாந்தி கட்டிலிலிருந்து சிரித்தாள். "அலமாரில சேலைக்கு அடில கெடக்கு, மிஸ்ஸி. இரும்பெல்லாம் சேத்து வச்சிருக்கேன். தீவுக்குப் பாலம் கட்டுறப்பக் கேட்டிருந்தா குடுத்திருப்பேன்லா."

எனக்குச் சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. மாரியாயி என்னை வராந்தாவுக்கு அழைத்துப் போனார்.

"ஊசி குத்துன எடமெல்லாம் கட்டி கட்டியா நிக்குது, மிஸ்ஸி. எங்கண்ணன் மவனுக்குப் பேசிக்கிட்டு இருக்கோம். நோவு இவ்வளவுன்னு அவங்களுக்குத் தெரியாது. இப்பவே பொண்ணு கறுத்துடுச்சேன்னு அண்ணி மொகத்தச் சுளிக்குது. அப்பன் இல்லாத புள்ள. நாளைக்கு நான் போயிட்டா இவள யாரு பாத்துக்குவா?"

"கல்யாணத்துக்கு அவ இருக்கணும்லக்கா" என்றேன். அவர் அழுதார். 

தைப்பூசம் கழிந்து வந்தபோது சாந்தி இளைத்திருந்தாள். "தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போற வழில ஒரு தண்ணிப்பந்தல விடல, மிஸ்ஸி. எல்லாத்துலயும் மோர் குடிச்சேன். தாகம் அடங்கவே மாட்டேங்குது" என்றாள். பக்கத்துக் கட்டிலில் சிரித்தார்கள். நான் ஊசியை எடுத்தேன். விரலில் குத்தி சுகர் பார்த்தேன். எக்கச்சக்கம். இரும்பு படிந்து கணையம் கெட்டுவிட்டது என்றார் டாக்டர். இனி தினமும் இன்சுலின்.

மாரியாயி எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"இந்த ஊசி போட்டா நெறம் திரும்புமா, மிஸ்ஸி?"

கல்யாணம் நடக்கவில்லை. இரும்பு இதயத்தையும் விடவில்லை. மறு தைப்பூசத்தைச் சாந்தி பார்க்கவில்லை.

ரத்தம் ஏற்றாத சாதாரண ஆட்களுக்கும் உடம்பில் இரும்பு கூடினால் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு கூடலாம் என்று பின்னாளில் டாக்டர்கள் பேசக் கேட்டிருக்கிறேன். இந்த வேலைக்கு வரும் பிள்ளைகள் அதையெல்லாம் படித்துக்கொள்வார்கள். நான் படித்த பாடம் வேறு.

காரியம் முடிந்த பிறகு மாரியாயி தனியாக ஃபெர்ரி ஏறி வந்தார். பம்பை என் மேசைமேல் வைத்தார். பாச்சை உருண்டை வாசனை அடித்தது. பம்ப் புதிதாகவே இருந்தது.

"வேற புள்ளைக்குக் குடுங்க, மிஸ்ஸி. குடுக்கறதுக்கு முன்னாடி, கல்யாணம் பேசுறாங்களான்னு அவங்கம்மாகிட்டக் கேட்டுக்குங்க. பேசுனா இதுவும் சேலைக்கு அடிலதான் கெடக்கும்."

அன்றிலிருந்து வேலையை விட்ட நாள்வரை கேட்டேன். முக்கால்வாசி அம்மாக்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். பம்பை மட்டும் வாங்கிக்கொண்டு போனார்கள்.