ஈர இரும்பின் வாசனை

மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டேங்க்கைப் பழுது பார்ப்பவருக்கு முதல் கருவி மூக்கு. சுத்தியலெல்லாம் அப்புறம்தான். நிறைந்த டேங்க் எரியும், காலி டேங்க் வெடிக்கும். பெட்ரோலைக் கொட்டிவிட்டாலும் அதன் ஆவி உள்ளே சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். அதன் பக்கத்தில் நெருப்பைக் கொண்டு போனால், கொண்டு போன கையும் மிஞ்சாது, ஆளும் மிஞ்சமாட்டார். இதில் பேச்சுக்கே இடமில்லை.

அந்தத் தெருவில் இந்த வேலையைப் பார்த்தவருக்கு "மூக்கு" என்றே பெயர் நிலைத்துவிட்டது. பார்வைக்கு அது சாதாரண மூக்குதான். ஆனால் டேங்க்கின் வாயில் வைத்து ஓர் இழுப்பு இழுத்தால், பெட்ரோலில் மண்ணெண்ணெய் கலந்திருக்கிறதா, வண்டி எவ்வளவு காலம் ஓடாமல் கிடந்தது, துரு எந்த மூலையில் குடியேறியிருக்கிறது, எல்லாம் சொல்லிவிடுவார். ஒருமுறை ஒரு கடைக்காரரிடம், "உங்க வீட்டுல யாரோ பெட்ரோலை உருவிட்டுப் பதிலுக்குத் தண்ணி ஊத்தி வெச்சிருக்காங்க" என்றார். கூட வந்த மச்சான், "நான் வெளியில நிக்கிறேன் மாமா" என்று நழுவினார்.

பட்டறையில் இரண்டு அறைகள். முன்னறை அவருடையது. பட்டடைக்கல், மணல் மூட்டை, மரச்சுத்தியல், கேஸ் சிலிண்டர், அதில் மாட்டி நெருப்பு ஊதும் டார்ச், கழுவுவதற்கு ஒரு கல்மேடை, குழாய். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் மனைவியின் அறை. ஒடுக்கு எடுத்த டேங்க்குக்குப் பட்டி பூசி, தேய்த்து, கம்ப்ரஸரை ஓடவிட்டு வண்ணம் அடிப்பது மனைவி. பெயின்டரம்மா என்றால் எல்லோருக்கும் தெரியும். ஆனால் வெளியே தொங்கிய பலகையில் "டேங்க் வெல்டிங்" என்று மட்டும்தான் எழுதியிருந்தது. பாதி வேலை செய்தவருக்குப் பலகையில் கால்வாசி இடம்கூடக் கிடைக்கவில்லை. இது அந்தப் பட்டறையின் குற்றம் மட்டுமில்லை, உலகத்து வழக்கமே அப்படித்தான் இருக்கிறது.

"உன் மூக்கு தின்னர்ல ஊறின மூக்கு. உனக்குப் பூவும் ஒண்ணு, புண்ணாக்கும் ஒண்ணு" என்று மூக்கு அடிக்கடி சீண்டுவார்.

"ஆமாமா. அதான் உங்க சட்டையைத் தினமும் என்னால துவைக்க முடியுது" என்பார் பெயின்டரம்மா.

வேலை முறை இதுதான். டேங்க்குக்குள் சோப்புத்தூளும் வெந்நீரும் ஊற்றி, ஒரு பழைய வண்டிச் செயினை உள்ளே போட்டு, ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் குலுக்குவார்கள். துரு உதிர்ந்து சிவப்பாக வழியும். அலசி, கவிழ்த்து, வாயைத் திறந்தபடி வெயிலில் காயவைப்பார்கள். ஊசித் துளையென்றால் உள்ளே தண்ணீரை நிரப்பிவிட்டு மேலே ஈயம் வைத்துவிடலாம். இரண்டு தகடுகள் சேரும் தையல் பிரிந்த டேங்க் அப்படியில்லை. பித்தளையை உருக்கி ஊற்ற வேண்டும், உள்ளே தண்ணீர் இருந்தால் சூட்டையெல்லாம் அது குடித்துவிடும். டேங்க் காய்ந்திருக்க வேண்டும், ஆவியும் இருக்கக் கூடாது. அதை மூக்குதான் சொல்ல வேண்டும்.

கல்யாணமான புதிதில் மனைவிக்கு அவர் கற்றுக்கொடுத்த முதல் பாடம் இது. "வாசனையே இல்லைன்னா சுத்தம்னு நினைச்சுடாத. சுத்தமான டேங்க்குக்கும் ஒரு வாசனை இருக்கு. ஈர இரும்பு. அது வந்தாத்தான் டார்ச்சைத் தொடணும்."

அந்த வாசனை வந்ததும் அவர் உடனே முகத்தை எடுக்கமாட்டார். டேங்க்கின் இருட்டுக்குள், பிரிந்த தையல் வழியாக ஒரு நூல் வெளிச்சம் விழுந்திருக்கும். யாரும் குடியிருக்காத ஒரு வீட்டில் மழை பெய்து ஓய்ந்தது போல இருக்கும். அதற்குள் கொஞ்ச நேரம் போய் இருந்துவிட்டு வருவார். அவருடைய ஓய்வெல்லாம் அவ்வளவுதான்.

பிறகு ஒரு காய்ச்சல் வந்தது. எல்லோருக்கும் வருகிற சளிக் காய்ச்சல்தான். போகும்போது அவருடைய மோப்பத்தையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது.

நாலைந்து நாளில் திரும்பிவிடும் என்று இருந்தார். திரும்பவில்லை. சோப்பை மோந்தார், சுவரை மோந்தது போல இருந்தது. தின்னர் துணியை மோந்தார், அதுவும் சுவர். யாரிடமும் மூச்சு விடவில்லை. எப்படிச் சொல்வது? மூக்கு என்று பெயரை வைத்துக்கொண்டு மூக்கு செத்துப்போச்சு என்றால் யார் டேங்க்கைக் கொண்டு வருவார்கள்? வேலை செய்கிறவனின் உடம்பில் ஒரு பாகம் போனால், முதலில் அவனுக்கு வலிப்பதில்லை. பயம்தான் வருகிறது.

அதனால் கழுவல் கூடியது. ஒரு தடவை போதும் என்ற இடத்தில் திரும்பத் திரும்பக் கழுவினார். கழுவி முடித்துப் பழைய பழக்கத்தில் மூக்கை வைத்து இழுப்பார், பார்ப்பவர்களுக்காக. உள்ளே ஒன்றும் தெரியாது. தலையை ஆட்டிவிட்டு டார்ச்சை எடுப்பார். முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டுதான் பற்றவைப்பார்.

இந்தச் சமயத்தில்தான் இன்னொரு தொல்லை ஆரம்பித்தது. வாயைத் திறந்து காயவைத்த டேங்க்குகளில் சிலது, அவர் டீ குடித்துவிட்டு வருவதற்குள் மூடி போட்டுக் கிடக்கும். மூடிக் கிடந்த டேங்க்கை நம்பக் கூடாது, உள்ளே ஆவி கட்டும், மறுபடி கழுவு என்பது அவரே போட்ட சட்டம்.

"யாரும்மா மூடியைப் போட்டது?"

"நான்தான். தூசி விழுதேன்னு போட்டுட்டேன்."

"எத்தனை தடவை சொல்றது உனக்கு? மறதிக்கு மருந்து வாங்கிச் சாப்பிடு."

"வாங்கிட்டு வாங்க, ஆளுக்குப் பாதியா சாப்பிடலாம்" என்று சொல்லிவிட்டுப் பெயின்டரம்மா உள்ளே போய்விடுவார். இவர் முணுமுணுத்துக்கொண்டே அந்த டேங்க்கை மறுபடி கழுவுவார்.

அப்படியிருக்க, ஒருநாள் பார்சல்காரர் ஒருவர் வந்தார். வீடு வீடாகப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுப்பவர். மணலில் சறுக்கி விழுந்ததில் டேங்க்கின் முன்பக்க அடித்தையல் ஒரு விரல் நீளம் பிரிந்திருந்தது. பித்தளை வேலை. கழுவிக் காயவைத்தாயிற்று. சாப்பாட்டு வேளை தாண்டியும் பார்சல்காரர் வாசலை விட்டு நகரவில்லை.

"அண்ணே, காலையிலேருந்து நிக்கிறேன். பையில முட்டை இருந்திருந்தா இந்நேரம் குஞ்சு பொரிச்சு, என்கிட்டயே விலாசம் கேட்டிருக்கும்."

"திறந்தபடியே காயட்டும் தம்பி. மூடி போட்டுக் கிடந்தா மறுபடி கழுவணும். கொஞ்சம் உக்காரு" என்றார் மூக்கு. பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்தார். கம்ப்ரஸர் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரே சுருதியில் உறுமிக்கொண்டிருந்தது. வெயில் கல்மேடையில் ஏறியது. கண் செருகியது.

டேங்க்குக்குள் நின்றுகொண்டிருந்தார். டேங்க் ஒரு மண்டபம் அளவுக்குப் பெரிதாகியிருந்தது. வளைந்த சுவரெல்லாம் துரு, பழுத்த இலையின் நிறத்தில். பிரிந்த தையல் வழியாக வெளிச்சம் இறங்கி, உலர்த்திய வேட்டி போலத் தரையில் நீளமாகக் கிடந்தது. கணுக்காலளவு பெட்ரோல், ஜில்லென்று. அவர் நடக்க நடக்க வாசனைகள் ஒவ்வொன்றாக வந்தன, வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் மாதிரி. வெயில் பட்ட டயர். மனைவியின் ஈரத்தலை. புதிதாய்ப் பிரித்த பெயின்ட் டப்பா. "எங்கடா போயிருந்தீங்க எல்லாரும்?" என்று கேட்டார். அவை சிரித்தன. கடைசியாகப் பெட்ரோலே எழுந்து வந்து, கன்னத்தில் கை வைத்தது.

விழித்தபோது அந்த வாசனை இன்னும் மூக்கில் இருந்தது. சத்தியமாக இருந்தது. எழுந்து உட்கார்ந்து இன்னொரு முறை இழுத்தார். இருந்தது போலத்தான் தோன்றியது.

வந்துவிட்டது!

மனிதர் துள்ளி எழுந்தார். டேங்க்கிடம் போனார். மூடி போட்டிருந்தது. "மறதிக்காரி" என்று செல்லமாகத் திட்டிக்கொண்டே மூடியைத் திருகித் திறந்தார். முகத்தை வைத்து ஆழமாக இழுத்தார். ஒன்றும் வரவில்லை. இத்தனை மாதத்தில் முதல் முறையாக அந்த ஒன்றுமில்லாததைக் கண்டு அவர் பயப்படவில்லை. மூக்குதான் திரும்பிவிட்டதே, அப்படியென்றால் டேங்க் சுத்தம்.

"மூடி போட்டுக் கிடந்துச்சேண்ணே. மறுபடி கழுவணும்னு சொன்னீங்களே?" என்றார் பார்சல்காரர்.

"மூக்குகிட்டயே வந்து வாசனை பாடம் எடுக்கிறியா? தள்ளி நில்லு."

சிலிண்டரைத் திறந்தார். டார்ச் சீறியது. பற்றவைத்தார். நீல நாக்கு நீண்டது. அதன் கூர்மையைச் சரி செய்துகொண்டு டேங்க்கை இடது கையால் இழுத்து வைத்தார். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

அந்த நேரத்தில் காற்று நிரம்பிக் கம்ப்ரஸர் தானாக நின்றது.

திடீர் அமைதியில் டார்ச்சின் சீறல் அடுத்த அறைக்குக் கேட்டது. பெயின்டரம்மா முகமூடியைக் கழற்றாமலே வந்தார். கத்தவில்லை. நேராகச் சிலிண்டரிடம் போய்த் திருகை அடைத்தார். நீல நாக்கு குட்டையாகி, 'டப்' என்று அணைந்தது.

"என்ன பண்ற நீ?" என்றார் மூக்கு.

பெயின்டரம்மா முகமூடியை இறக்கினார். உதடு வெளுத்திருந்தது. "மூடி போட்டு வெச்சேனே."

"நீ மறந்து போட்டா நான் என்ன..."

"மறக்கல. ஒரு நாளும் மறக்கல."

பார்சல்காரர் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சுத்தமான டேங்க் என்ன வாசம் அடிக்கும்? நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க. சொல்லுங்க" என்றார் பெயின்டரம்மா.

"ஈர இரும்பு."

"வந்துச்சா?"

மூக்கு டார்ச்சைக் கீழே வைத்தார். கனவு முகத்திலிருந்து மெல்ல வடிந்தது.

பெயின்டரம்மா டேங்க்கைத் தூக்கி வெளியே கொண்டுபோய்ச் சாய்த்து, அடிப்பக்கத்தைத் தட்டினார். தையல் மடிப்பிலிருந்து துருச் செதில்கள் உதிர்ந்தன. கூடவே, சிமெண்டில் பொட்டு அளவுக்கு ஓர் ஈரம். டேங்க்கைத் தூரமாக வைத்துவிட்டு வந்து, ஒரு காகிதத்தைக் கொளுத்தி எறிந்தார். வெயிலில் தீ தெரியவில்லை. அந்த இடத்துத் தரை மட்டும் தண்ணீர் மாதிரி ஆடியது. துருச் செதில்கள் அதன் நடுவில் துள்ளித் துள்ளிக் கறுத்தன.

"ஐயையோ! இதையா நான் தொடைக்கு நடுவுல வெச்சுக்கிட்டு ஊரைச் சுத்துறேன்?" என்று இரண்டடி பின்னால் போனார் பார்சல்காரர்.

"எல்லாரும் அப்படித்தான் தம்பி சுத்துறோம்" என்றார் பெயின்டரம்மா.

மூக்கு கல்மேடையில் உட்கார்ந்துவிட்டார். "எப்போ தெரியும் உனக்கு?" என்று கேட்டார்.

"அடுப்புல பால் தீஞ்சு புகை கிளம்புது, நீங்க பக்கத்துல உக்காந்து பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தீங்க. அன்னிக்கே."

"சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்களா சொல்வீங்கன்னு பார்த்தேன். உங்களுக்குப் பேருதான் பெருசு. எனக்கு ஆளு வேணும். அதனால நீங்க அந்தப் பக்கம் போனதும் ஒவ்வொண்ணா மோந்து பார்த்தேன். நாறினா மூடியைப் போட்டேன்."

"தின்னர்ல ஊறின மூக்கை வெச்சுக்கிட்டா?"

"ஊறினாலும் உசுரோட இருக்குல்ல?"

மூக்குக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு கண்ணும் கலங்கியது. பார்சல்காரர் தொண்டையைக் கனைத்தார். வீடு வீடாகப் போகிற மனிதர், இந்தச் சேதியும் பொட்டலத்தோடு பொட்டலமாகத் தெருத்தெருவாய்ப் போய்ச் சேரும் என்று மூக்குக்குத் தெரிந்தது. தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: "எனக்கு வாசனை தெரியல தம்பி. ரொம்ப நாளா. வேற கடைக்கு எடுத்துட்டுப் போறதுன்னா போ."

பார்சல்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். "அக்காவுக்குத் தெரியுதுல்ல? அப்புறம் என்ன? கழுவுங்கண்ணே, நான் அந்தப் பக்கம் பிடிக்கிறேன்."

மறுபடி சோப்பு, வெந்நீர், செயின். பார்சல்காரரும் மூக்கும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் குலுக்கினார்கள். சிவப்புத் தண்ணீர் வழிந்து, வெளுத்து, தெளிந்தது.

"பலகையில இனி என் வேலையையும் எழுதணும்" என்றார் ஓரமாக நின்ற பெயின்டரம்மா.

"எழுதிக்கோ. பெயின்ட் உன்கிட்டதானே இருக்கு."

"பெருசா எழுதுவேன்."

"என் எழுத்தை அழிச்சுட்டே எழுது. நான் ஏன்னு கேக்கல."

வெயில் சாயத் தொடங்கும்போது டேங்க் காய்ந்தது. பெயின்டரம்மா குனிந்து, அதன் வாயில் முகத்தை வைத்தார். மூக்கு பக்கத்தில் நின்றார், பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவர் மாதிரி.

"என்ன தெரியுது?"

"இருங்க."

இன்னொரு இழுப்பு. நிமிர்ந்தார். "ஈர இரும்பு."

"நிஜமா?"

"நிஜமா. மூடி போடல, பாருங்க."

மூக்கு சிலிண்டர் வரைக்கும் போனார். திருகில் கையை வைத்தபடி நின்றார். "எப்படி இருக்கு? கொஞ்சம் சொல்லேன்."

"டேங்க் மாதிரி இருக்கு."

"அது பத்தாது."

பெயின்டரம்மாவுக்கு இப்படியெல்லாம் பேசிப் பழக்கமில்லை. மறுபடி குனிந்து, கண்ணை மூடி, உள்ளேயே கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு குரல் டேங்க்குக்குள்ளிருந்து வருவது போல வந்தது.

"மழை விட்டதும் ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிப்போமே... அப்புறம் கையை மோந்து பார்த்தா வருமே. அந்த வாசம். தெருவுல யாரும் இல்ல. எங்கேயோ சொட்டுற சத்தம் மட்டும் கேக்குது."

சிலிண்டர் பக்கத்தில் நின்றபடி மூக்கும் கண்ணை மூடினார். மூக்குக்குள் ஒன்றும் வரவில்லை. ஆனால் உள்ளங்கையில் கம்பியின் குளிர்ச்சி தெரிந்தது, நன்றாகவே தெரிந்தது. கொஞ்ச நேரம் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பிறகு திருகைத் திறந்து டார்ச்சைப் பற்றவைத்தார்.