இரண்டு எக்ஸ்டென்ஷனுக்கு நடுவில் ஒரு பலகை

கொதிக்கிற கரும்புச்சாறும் ஈரச் சக்கையும் கலந்த ஒரு வாசனை... காலையில் புடவையில் ஏறினால் இரவு வரை போகாது. கல்யாணத்துக்கு முன், கடலூர் மாவட்டத்து சர்க்கரை ஆலை ஒன்றில் நான் டெலிபோன் ஆபரேட்டர். ஒயர் செருகும் போர்டும் காதில் ஹெட்போனும்தான் என் ராஜ்ஜியம்.

ஞாயிறானால் சிதம்பரத்துக்கு பஸ். அஞ்சல் வழியில் மேனேஜ்மென்ட் படித்தேன். வகுப்பு மட்டும் அங்கே. பழைய நிர்வாகக் கொள்கைகளை நடத்திய சார் ஒருநாள் சாக்பீஸால் இரண்டு ஏணி வரைந்தார்.

"ஆர்டர் மேலேருந்து ஒவ்வொரு படியா எறங்கணும். ஆனா அவசரம்னா, ரெண்டு ஏணிக்கும் நடுவுல ஒரு பலகையப் போட்டு, ஒரே படியில இருக்கற ரெண்டு பேரும் நேரா பேசிக்கலாம். பெரியவருக்கு அப்புறம் சொன்னா போதும்."

யாரோ ஒரு பிரெஞ்சு சுரங்க இன்ஜினியர் அந்தக் காலத்திலேயே எழுதியதாம். இதற்கு பிரான்ஸ் வரை போகணுமா என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் ஆலையைப் பார்த்தால் போகத்தான் வேண்டும்!

சீஃப் இன்ஜினியரின் தங்கைதான், கரும்பு வெட்டும் வரத்தும் பார்க்கிற கேன் ஆபீசரின் மனைவி. மகளுக்குக் காது குத்தியபோது, தாய்மாமனை வெற்றிலை பாக்கு வைத்து அழைக்காமல் கேன் ஆபீசர் போனில் சொல்லிவிட்டார். அதுவும் என் போர்டு வழியாக. அன்றோடு பேச்சு நின்றது. இரண்டு ரூம் தள்ளி உட்கார்ந்துகொண்டு, எதுவானாலும் ஜி.எம். மூலமாகத்தான்.

ஒருநாள் மதியம் ஷாஃப்ட் உடைந்து அரவை நின்றது. ஜி.எம். கடலூரில், கலெக்டர் ஆபீஸ் மீட்டிங்கில். இன்ஜினியர் கேட்டு நான் போட்ட கால் கிடைக்கவில்லை.

"கெடைக்கலியாம்மா? சரி, வந்தப்பறம் சொல்லிக்கறேன்" என்றார் இன்ஜினியர்.

மறுநாள் காலை வெட்டச் சொல்லி கேன் ஆபீசரிடமிருந்து விவசாயிகளுக்கு ஆர்டர் போயிருந்தது. வெட்டிய கரும்பு வெயிலில் கிடந்தால் எடை இறங்கிவிடும், ஒரு வருஷ உழைப்பு வீண். ஆர்டர் வாங்கியவர்களில் என் அப்பாவும் ஒருவர்.

நீயே போய் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். லைனில் கேட்டதை ஆபரேட்டர் வெளியே சொன்னால் வேலை காலி. அதிலும் அப்பா கரும்பு...

இரண்டு ரூமுக்கும் ரிங் கொடுத்தேன். இருவரிடமும் ஒரே வார்த்தை: "சார், லைன் வந்துடுச்சி, பேசுங்க."

"குட் ஆஃப்டர்நூன் சார்!"

"குட் ஆஃப்டர்நூன் சார்!"

இருவருமே கடலூரிலிருந்து ஜி.எம். பேசுகிறார் என்று நினைத்துவிட்டார்கள். குரல் புரிந்ததும் இரண்டு பக்கமும் மூச்சை இழுப்பது ஹெட்போனில் கேட்டது. பிடுங்கிவிடலாமா என்று ஒயர் மேல் கை வைத்தேன்.

"...மாப்ள. மில்லு ஒடஞ்சிபோச்சி. ரெண்டு நாளாவும்."

"அய்யோ, நாளைக்கு வெட்டு இருக்கே மச்சான்!"

"அதுக்குத்தான்யா சொல்றேன், நிறுத்து."

அவ்வளவுதான். வெட்டை நிறுத்தச் சொல்ல ஃபீல்டுமேன்கள் ஊர் ஊராகக் கிளம்பிவிட்டார்கள்.

சாயங்காலம் வந்த ஜி.எம். என்னைக் கூப்பிட்டார். "யாரக் கேட்டு கனெக்ட் பண்ண?"

"சிதம்பரத்துல பாடம் நடத்தினாங்க சார்..."

"படிக்கறதெல்லாம் இங்க செஞ்சி பாக்காத, போ" என்றார். சிரிப்பை அடக்கிக்கொண்ட மாதிரி இருந்தது.

வீட்டுக்குப் போனால் அப்பா கத்திக்கொண்டிருக்கிறார். "ஆளெல்லாம் வரச்சொல்லிட்டேன், இப்ப வெட்டாதங்கறான்! உங்க மில்லுல ஒருத்தனுக்கொருத்தன் பேசிக்கவே மாட்டானுங்களா?"

"இன்னிக்குத்தாம்பா பேசினாங்க" என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

இப்போது கடலூரில் ஓர் ஆபீசில் நிர்வாகம் பார்க்கிறேன். ஏணியும் கிடையாது, ஒயரும் கிடையாது. எல்லாரும் ஒரே வாட்ஸ்அப் குரூப்பில். போன வாரம் அவசரமாக ஒன்று போட்டேன். வரிசையாகக் கட்டைவிரல். மதியம் பார்த்தால் வேலை அப்படியே கிடக்கிறது.

"பாத்தேனே மேடம்" என்றார் பக்கத்து மேசைக்காரர்.

பார்த்தார்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு அந்த இரண்டு பேரும் பேசுவதற்கு முன் மூச்சை இழுத்தது கூட என் காதில் விழுந்தது. அதற்குத்தான் இப்போது ஏக்கமாக இருக்கிறது...