மயிலுக்கு ஜோடி தேடிய சனிக்கிழமை

எல்லாம் சனிக்கிழமை மாலை நான்கு மணி இருபது நிமிடத்துக்குத் தொடங்கியது. கம்ப்யூட்டர் திரையின் மூலையில் இருந்த கடிகாரத்தை அந்த நேரம் பார்த்தேன், அதனால் நிமிடம் வரை நினைவிருக்கிறது. என் மகள் திரையில் ஒரு சீட்டைத் திருப்பினாள். மயில். அதன் ஜோடியைச் சற்று முன்புதான் பார்த்திருந்தாள். இரண்டாவது சீட்டைத் திருப்பினாள், குடை வந்தது. அடுத்த தடவை மயிலுக்குப் பூட்டுப் படம் வந்தது. மூன்றாவது தடவையும் தப்பியபோது எனக்குப் பயம் வந்துவிட்டது.

ஞாபகத்துக்கான விளையாட்டு அது. கவிழ்த்து வைத்த இருபத்துநான்கு சீட்டுகள், ஆறு ஆறாக நான்கு வரிசை. ஒரு தடவைக்கு இரண்டைத் திருப்பலாம். படங்கள் ஒத்துப்போனால் மறைந்துவிடும், இல்லையென்றால் மறுபடி கவிழ்ந்துகொள்ளும். பத்து வயது மகள் இருபது தடவைக்குள் முடித்துவிடுவாள். பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுக்கிற எனக்கு நாற்பதுக்குக் குறைந்ததில்லை. முதல் வரிசை மூன்று, இரண்டாம் வரிசை ஐந்து என்று நான் வாய்க்குள் எண் சொல்லிக்கொண்டே விளையாடுவேன். அவள் உதடு அசையாது. எப்படிக் கண்டுபிடிக்கிறாள் என்று எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். "சும்மா பாத்தாத் தெரியும்ப்பா" என்பாள். அந்தச் 'சும்மா'வுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

அன்று என் பயத்துக்குக் காரணம் இருந்தது. வியாழக்கிழமை அவளை வண்டியில் பின்னால் உட்கார வைத்துக் கந்தர்வக்கோட்டையிலிருந்து வந்துகொண்டிருந்தேன். முந்திரிக்காட்டை ஒட்டிய வளைவில் புதிதாக ஒரு வேகத்தடை போட்டிருந்தார்கள், வெள்ளைக்கோடு இன்னும் அடிக்கவில்லை. வண்டி தூக்கிப்போட்டது. நான் சமாளித்து நிறுத்தித் திரும்பிப் பார்த்தால் அவள் ரோட்டில் கிடக்கிறாள். நான் ஹெல்மெட் போட்டிருந்தேன். அவளுக்கு இல்லை.

ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர் ஒன்றும் இல்லை என்றார். ஆனாலும் மூன்று நாள் கவனித்துக்கொள்ளுங்கள், வாந்தி, தூக்கக்கலக்கம், மறதி ஏதாவது தெரிந்தால் உடனே கூட்டி வாருங்கள் என்றும் சொன்னார். மற்ற இரண்டும் என் காதில் சரியாக விழவே இல்லை. மறதி என்ற சொல் மட்டும் வீடு வரை கூடவே வந்தது.

வெள்ளிக்கிழமை முழுவதும் அவளைப் படுக்க வைத்திருந்தோம். சனிக்கிழமை காலையிலேயே, சாயங்காலம் கொஞ்ச நேரம் விளையாடட்டும், ஞாபகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிடலாம் என முடிவு செய்தேன். அவள் கண்ணுக்குச் சிரமமாக இருக்கக் கூடாதென்று மானிட்டரை ஈரத்துணியால் துடைத்தேன். மூன்று மாதத் தூசி. விளிம்பில் ஆயுதபூஜைக்கு வைத்த சந்தனம் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் அதை யாரும் எடுப்பதில்லை, தானாக உதிர்ந்தால்தான் உண்டு. அன்று இருந்த பதற்றத்தில் அதையும் நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டேன்.

அன்றைய முதல் ஆட்டத்துக்கு முப்பத்தாறு தடவை ஆனது. இரண்டாவது முப்பத்தொன்பது. பழைய நோட்டுப் புத்தகத்தின் பின்பக்கம் கட்டம் போட்டு, அவள் தப்பவிட்ட இடங்களை எல்லாம் குறித்தேன். இடப்பக்கம் மட்டும் தப்புகிறதா, வலப்பக்கமா? எல்லாப் பக்கமும் தப்பியது. என்னம்மா, ஏன் மறந்துபோகிறது என்று குரலை இயல்பாக வைத்துக்கொண்டு கேட்டேன்.

"எல்லாம் ஒரே மாதிரி இருக்குப்பா. எது எங்கிட்டு இருந்துச்சுன்னு தெரியல."

கவிழ்த்து வைத்த சீட்டுகள் எப்போதும் ஒரே மாதிரிதானே இருக்கும். முந்தாநாள் வரை அவளுக்கு அவை வேறு வேறாக இருந்தனவா? அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்த என் மனைவி, என் முகத்தைப் பார்த்ததும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து மகள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். நான் வாசலுக்குப் போய் என் தங்கைக்குப் போன் செய்தேன். புதுக்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள். ட்யூட்டி முடிந்ததும் பஸ் ஏறி வருகிறேன், அதுவரை பிள்ளையைப் போட்டுக் கேள்வி கேட்காதே என்றாள்.

கேட்காமல் இருக்க முடியவில்லை. வகுப்பு டீச்சர் பெயர், போன வாரம் போட்ட சட்டையின் நிறம், பதிமூன்றாம் வாய்ப்பாடு என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். எல்லாம் சரியாகச் சொன்னாள். சரியாகச் சொல்லச் சொல்ல எனக்கு இன்னும் குழப்பமானது. வாய்ப்பாடு இருக்கும் தலையில் மயில் மட்டும் எங்கே போனது?

ஆறரை மணிக்குத் தங்கை வந்தாள். பையைக்கூடக் கீழே வைக்காமல் மகளின் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தாள். நேர்கோட்டில் நடக்கச் சொன்னாள், கையை இறுக்கிப் பிடிக்கச் சொன்னாள். பிறகு பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு விளையாடச் சொன்னாள். நாலைந்து தடவை தப்பிய பிறகுதான், எனக்குக் கேட்கத் தோன்றாத விதத்தில் கேட்டாள்.

"இதுக்கு முன்னாடி மயிலு இருக்கிற எடத்தை எப்படிடா அடையாளம் வைப்ப? அத்தைக்குக் கைய வச்சுக் காட்டு."

மகள் திரையைத் தொடவில்லை. அதன் மேல் விளிம்பில், கறுப்புப் பிளாஸ்டிக்கில் விரலை வைத்தாள்.

"இங்கிட்டு ஒரு பொட்டு இருக்கும். அதுக்குக் கீழ ஒண்ணு, ரெண்டு. அந்தச் சைடுல ஒரு பொட்டு, அதுக்கு நேரா…" விரல் வெறும் விளிம்பில் இங்கும் அங்கும் தடவியது. "இப்பக் காணோம் அத்தை."

மேலே மூன்று பொட்டு, பக்கத்துக்கு ஒன்று. ஆயுதபூஜையன்று வைத்தவன் நான், சுரண்டியவனும் நான். என் கட்டைவிரல் நகத்துக்கு அடியில் சந்தனம் இன்னும் மஞ்சளாக இருந்தது. அதையும், மானிட்டரைத் துடைத்து மேசையிலேயே போட்டிருந்த துணியையும் தங்கை பார்த்துவிட்டாள்.

சாமி மாடத்திலிருந்து சந்தனத்தை எடுத்துக் குழைத்து வந்தாள். மகள் இடம் சொல்லச் சொல்ல ஐந்து இடத்திலும் வைத்து, நடுவில் குங்குமமும் தொட்டாள். மகள் மவுஸைப் பிடித்தாள். பத்தொன்பது தடவையில் ஆட்டம் முடிந்தது. என் மனைவி எழுந்து மறுபடி அடுப்பைப் பற்றவைக்கப் போனாள்.

தங்கை கைகழுவிவிட்டு வந்து பையை எடுத்துக்கொண்டாள்.

"புள்ள தலைக்கு ஒண்ணும் இல்லண்ணே. நாளைக்குக் கடைக்குப் போயி அவளுக்கு ஒரு ஹெல்மெட் வாங்கு. அந்தத் துணிய மொதல்ல எங்கிட்டக் குடு."