பக்கத்து நாற்காலியின் சுரம்

இருபது வருடம் டிரம்பெட் ஊதியவனிடம் என்ன மிச்சம் என்று யாராவது கேட்டால், மேலுதட்டைத்தான் காட்ட வேண்டும். நடுவில் வட்டமாகக் காய்த்துப்போன ஒரு தழும்பு. பெருமைப்பட ஒன்றும் இல்லை.

மலாயாவில் கோத்தா திங்கி பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவர்களுக்குப் பிறந்த நான் ஜொகூர் அரண்மனை பேண்டில் சேர்ந்ததற்குக் காரணம் சங்கீத ஞானம் இல்லை. பேண்டை நடத்திக்கொண்டு ஆளும் எடுத்த வெள்ளைக்காரத் துரை, மாடு வாங்க வந்தவர் மாதிரி என் வாயைத் திறக்கச் சொல்லி முன்பல்லைப் பார்த்தார். பல் வரிசையாக இருந்தது. டிரம்பெட்டைக் கையில் கொடுத்துவிட்டார். நோட்டுப் படிக்கக் கற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். வெளியே திடலில் நின்றால் நாங்கள் பேண்டு. பாதிப்பேர் கையில் வயலினைக் கொடுத்து உள்ளே உட்கார வைத்தால் ஆர்கெஸ்ட்ரா. எட்டாவது வருடம் எனக்கு மேல் சுரங்களெல்லாம் வருகிற முதல் டிரம்பெட் நாற்காலி கிடைத்தது. அதை யாருக்கும் விட்டுவிடக் கூடாது என்பது ஒன்றுதான் அப்புறம் எனக்குக் கவலை.

பக்கத்து நாற்காலியில் இரண்டாம் டிரம்பெட், ஒரு மணிலாக்காரர். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். நான் அவரை மலாய்க்காரர்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி 'பாங்' என்பேன், அவர் என்னைத் 'தம்பி' என்பார். பேசுவதெல்லாம் பசார் மலாய், சந்தையில் புழங்குகிற கொச்சை மலாய். நோட்டு வைக்கிற ஒரே ஸ்டாண்டைப் பார்த்துப் பதினோரு வருடம் ஊதினோம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பாடமும் சொல்லிக்கொடுத்தேன். வந்தவர்கள் கல்யாண பேண்டு வைக்க ஆசைப்பட்ட தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி ஒருவரும் இரண்டு போலீஸ்காரர்களும், மூவரும் பிள்ளைகுட்டிக்காரர்கள். மேல் சுரம் வரவில்லையென்றால் வாத்தியத்தை உதட்டில் வைத்து அமுக்குவார்கள். அமுக்கினால் அன்றைக்குச் சுரம் வரும், நாளாவட்டத்தில் உதடும் பல்லும் போகும். அதற்கு ஒரு வைத்தியம் உண்டு. டிரம்பெட்டை உத்தரத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஊத வேண்டும். அமுக்கினால் அது விலகி ஓடிவிடும். கிராணியை அப்படி நிற்கவைத்து வாய் ஓயாமல் திட்டியிருக்கிறேன். திட்டின அதே வாய்தான் திங்கள்கிழமையானால் பேண்டில் தானும் அமுக்கிக்கொண்டிருந்தது. என் முன்பல் ஒன்று ஆட ஆரம்பித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை.

சிங்கப்பூருக்குக் கடற்பாலம் வந்துவிட்ட காலம் அது. விருந்தாளிகள் காரிலேயே வந்து இறங்கிய ஒரு சாயங்கால விருந்தில் வாசித்தோம். நாங்கள் அடிக்கடி வாசிக்கிற ஒரு உருப்படியின் முடிவில் டிரம்பெட்டுக்கு நீண்ட மேல் சுரம் ஒன்று வரும். அமுக்கினேன். பல் நகர்ந்தது. வலியில் உதடு செத்துப்போய்க் காற்று மட்டும் புஸ்ஸென்று போனது. ஆனால் சுரம் நின்றது. பிசிறில்லாமல், நான் வழக்கமாக ஊதுகிற மாதிரியே நின்றது. துரை என்னைப் பார்த்துத் தலையசைத்தார். மணிலாக்காரர் ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாத்தியங்களைப் பெட்டியில் வைக்கும்போது அவரைப் பிடித்துக்கொண்டு, எத்தனை நாளாக இது நடக்கிறது என்று கேட்டேன்.

"சுடா லாமா, தம்பி," என்றார். ரொம்ப நாளாகிவிட்டது என்று அர்த்தம்.

அந்த இடம் வரும்போதெல்லாம் என் சுரத்தையே தானும் அடியில் மெல்ல ஊதுவாராம். என்னுடையது மெலிந்தால் தன்னுடையதை ஏற்றிவிடுவாராம். இரண்டு பேர் ஒரே சுருதியில் நின்றால் எது யார் காற்று என்று ஊதுகிறவனுக்கே தெரியாது. நான் அதை என் சுரம் என்று நினைத்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்திருக்கிறேன். எனக்கு வந்தது நன்றி இல்லை, கோபம். உன்னை யார் செய்யச் சொன்னது, என் இடத்துக்கா கண் வைக்கிறாய் என்று எல்லார் முன்னாலும் கத்தினேன். அவர் பெட்டியைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்.

வீட்டில் மனைவியிடம் பல்லைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பல்லைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"அந்த மனுஷன் உங்க மானத்தக் காப்பாத்தியிருக்காரு. நீங்க அவரத் திட்டிட்டு வந்திருக்கீங்க," என்றாள்.

மறுநாள் காலை என் டிரம்பெட்டைக் கயிற்றில் தொங்கவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். கீழ்ச் சுரங்கள் வந்தன. மேல் சுரத்துக்குப் போன மூன்று தடவையும் அது விலகி ஆடியது. அழுதேன். சொல்வதற்கு என்ன வெட்கம்.

வருட முடிவில் துரை ஒவ்வொருவரையும் தனியாக அழைத்து வாசிக்கவைத்து நாற்காலிகளைத் தீர்மானிப்பார். காய்ச்சல் என்று படுத்துக்கொண்டால் கொஞ்ச நாள் தள்ளிப்போடலாம், பலர் செய்வதுதான். ஆனால் ஒளித்து ஒளித்து எனக்கு அலுத்துவிட்டது. துரை அந்த மேல் சுரம் வருகிற இடத்தையே வாசிக்கச் சொன்னபோது டிரம்பெட்டை மடியில் வைத்துவிட்டு, இதை ஊதியது நான் இல்லை, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவர் என்றேன். துரை ஏதோ எழுதிக்கொண்டார். அடுத்த வாரம் நாங்கள் இடம் மாறி உட்கார்ந்தோம்.

நல்ல காரியம் செய்துவிட்ட நினைப்பு எனக்கு. மணிலாக்காரர் பல நாள் பேசவில்லை. பிறகு ஒரு நாள் சொன்னார். இரண்டாம் இடத்தில் உதட்டைச் சேமித்துக்கொண்டே பென்ஷன்வரை ஓட்டிவிடலாம் என்றிருந்தாராம். எப்போதோ ஒரு சுரம் கொடுப்பது வேறு, ஐம்பது வயதில் முதல் டிரம்பெட்டை முழுக்க ஊதுவது வேறாம். உன்னை யார் சொல்லச் சொன்னது என்று கேட்டார்.

அடுத்த வருடமே அவர் உதடும் போக ஆரம்பித்தது. பக்கத்தில் இருந்த எனக்குத்தான் முதலில் கேட்டது. அந்த நீண்ட சுரம் பாதியில் நடுங்கும், அவர் கண்ணை மூடிக்கொள்வார். ஒவ்வொரு தடவையும் நான் டிரம்பெட்டை உதட்டில் வைத்து, அந்தச் சுரத்தைத் தாங்க இருக்கிற மூச்சையெல்லாம் விட்டுப் பார்ப்பேன். காற்றுதான் போகும்.